தனித்தனிக் கூண்டில் வைத்தும் குட்டி போட்டிருக்கிறது, எப்படி?

மார்ச் 10, காலை 6.40

ஆணும் பெண்ணும் தனித்தனிக் கூண்டில் இருந்தும் முயல் குட்டி போடுமா? போட்டிருக்கிறது. விடிகாலையில் புல் மாற்றப் போனேன், கூண்டின் மூலையில் கறுப்பு ரோமம் குவியலாகக் கிடந்தது, யாரோ தலையணையைக் கிழித்துப் போட்ட மாதிரி. நிலாவுக்கு ஏதோ நோய், ரோமம் கொட்டுகிறது என்று பயந்து கையை விட்டால் குவியல் சூடாக இருந்தது. அப்புறம் அசைந்தது.

எங்களிடம் மூன்று முயல்கள். நிலாவும் செம்பாவும் பெண். ஒரே நாளில், ஒரே இடத்தில், எட்டு வாரக் குட்டிகளாக வாங்கியவை. இப்போது ஆறரை மாதம், பெரிய கூண்டில் ஒன்றாக இருக்கின்றன. கரியன் ஆண், இரண்டு வயது, எதிர்ச் சுவரோரம் தனிக் கூண்டு, நடுவில் ஆறடி இடைவெளி. அவனுக்கு ஜனவரி 3 அன்று கருத்தடை ஆபரேஷனும் முடிந்துவிட்டது. கரியனும் நிலாவும் உடம்பு முழுக்கக் கறுப்பு (நிலா என்று பெயர் வைத்தது மகன், காரணம் கேட்டால் அமாவாசை நிலா என்கிறான்). செம்பா காட்டு முயல் நிறம், பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு.

ஐந்து குட்டிகள். எல்லாம் உயிரோடு இருக்கின்றன. எனக்குக் கை நடுங்குகிறது, யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 10, காலை 9

கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கம்பி வழியாக நடந்திருக்குமா என்றால், கூண்டுகள் ஒட்டியிருந்தால் நடக்கும், சில நொடி வேலைதான் அது. இங்கே ஆறடி. கரியன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஆறடி முடியாது.

வாங்கும்போதே சினையாக இருந்திருக்குமா? முயலுக்குச் சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். இது எங்கள் வீட்டுக்கு வந்து நாலரை மாதம் ஆகிறது, வந்தபோது அதுவே குட்டி. எப்போதோ சேர்ந்ததை உடம்புக்குள் வைத்திருந்து இப்போது சினைப்பிடித்திருக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெண் முயலின் உடம்பில் விந்து ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

செம்பா ஆணாக இருக்குமோ என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். விற்றவர் பார்த்துச் சொன்னது. இன்று காலையிலும் மல்லாத்திப் பார்த்தேன், விதை எதுவும் கண்ணில் படவில்லை, என் மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல்தான் மிச்சம். அதை விட்டுவிடுங்கள்.

மார்ச் 10, இரவு 11.20

நிலா பால் கொடுக்கவே இல்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், குட்டிகள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூண்டின் அந்தக் கோடியில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது, ஏதோ அடுத்த வீட்டு சமாச்சாரம் மாதிரி. பசும்பால் கொடுக்கலாமா, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுக்கலாமா, யாராவது விழித்திருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 11, காலை 5.50

பசும்பால் வேண்டாம் என்று நடுராத்திரியில் என்னைத் தடுத்தவருக்கு நன்றி. நீங்கள் சொன்னபடி விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு நிலா எழுந்து, ரோமக் குவியலின் மேல் போய் நின்றது. படுக்கவில்லை, நின்றபடியே. கீழே குட்டிகள் மல்லாந்து முட்டி முட்டிக் குடிப்பது ரோமம் துள்ளுவதில் தெரிந்தது. நாலு நிமிடம்கூட இருக்காது, ஒரே தாவல், பழைய மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைய கடமை முடிந்தது.

ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை, அவ்வளவுதானாம். பால் அத்தனை கெட்டி. மற்ற நேரம் கூட்டின் பக்கம் போகாமல் இருப்பது, வாசனை பிடித்து எதுவும் அங்கே வந்துவிடக் கூடாது என்ற பழைய காட்டுப் புத்தி. பூனையையும் நாயையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கல்நெஞ்சாகத் தெரிகிறது.

வயிறு பாருங்கள் என்றீர்களே, பார்த்தேன். உள்ளங்கையில் ஒன்றை எடுத்து வைத்தேன். என் சுண்டுவிரல் நீளம் இருக்கும், கண் ஒட்டியிருக்கிறது, காது தலையோடு மடிந்து ஒட்டியிருக்கிறது, தோல் பட்டு மாதிரி வழுக்குகிறது. வயிறு மட்டும் பந்தாக உப்பி, மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகப் பட்டை போட்டுத் தெரிந்தது. பால் குடிக்காத குட்டிக்குத் தோல் சுருங்கித் தொங்குமாம், இங்கே ஒன்றுகூட அப்படி இல்லை. இனி தூங்கப் போகிறேன்.

மார்ச் 12

முதலில் ஒரு திருத்தம். ஐந்து என்றேன், ஆறு. ஆறாவது குட்டி குவியலின் அடியில் தனியாக விலகிக் கிடந்தது, குளிர்ந்துபோயிருந்தது. கையில் வைத்து அரைமணி நேரம் சூடு கொடுத்துப் பார்த்தேன், பயனில்லை. முதல் நாளே குவியலை முழுக்கக் கலைத்து எண்ணியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். தொட்டால் மனுஷ வாசனை வந்துவிடும், தாய் ஒதுக்கிவிடும் என்று எங்கோ கேட்டதை நம்பி அரைகுறையாக எண்ணினேன். வீட்டு முயலுக்கு நம் வாசனை நாளும் பழகியதுதான், தினம் கைவிட்டு எண்ண வேண்டும், செத்தது இருந்தால் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் போனில் சொன்னார். புதிதாக இதே நிலையில் இருப்பவர்கள் என் முதல் பதிவைப் பார்த்து ஐந்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், "ஆணே இல்லாமல் வந்திருக்கலாம்" என்றவருக்கு: பாலூட்டிகளில் அப்படி இயற்கையாக நடப்பதில்லை. முயல் குட்டி விஷயத்தில் நம்ப முடியாததை நம்பி ஏமாந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 1726இல் இங்கிலாந்தில் மேரி டாஃப்ட் என்ற பெண் தான் முயல் குட்டிகளைப் பெற்றெடுப்பதாகச் சொல்ல, அரசரின் அறுவை மருத்துவரே போய்ப் பார்த்து நம்பிவிட்டார். கடைசியில் அந்தப் பெண்ணே உண்மையை ஒப்புக்கொண்டார். நான் அந்த வரிசையில் சேர விரும்பவில்லை.

மார்ச் 13

விடை கிடைத்துவிட்டது.

சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே மகன் ஆரம்பித்தான். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது." இந்த வாக்கியத்துக்கு அப்புறம் நல்லது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. பிப்ரவரி 7, சனிக்கிழமை, நாங்கள் வெளியே போயிருந்தபோது கரியன் பாவமாகப் பார்த்ததாம், திறந்து விட்டானாம். நிலாவும் வெளியே இருந்ததாம். "ரெண்டே நிமிஷம்மா. அதுவும் சும்மா ஓடிப் பிடிச்சு விளையாடிச்சு."

பிப்ரவரி 7லிருந்து 31 நாள் எண்ணினால் மார்ச் 10. விரல் விட்டு இரண்டு முறை எண்ணினேன்.

ஆபரேஷன் ஆன ஆண் எப்படி என்று கேட்பீர்கள். ஜனவரி 3க்கும் பிப்ரவரி 7க்கும் நடுவில் சரியாக ஐந்து வாரம். விதையை எடுத்தாலும் குழாயில் மிச்சமிருப்பது உடனே தீராது, நாலு முதல் ஆறு வாரம் வரை பெண்ணோடு சேர்க்கக் கூடாது. அன்று கொடுத்த தாளில் அது எழுதியே இருக்கிறது. தாளை நான் மடித்து எங்கே வைத்தேன் என்பது வேறு கதை.

முட்டைக்கு நாள் பார்க்க வேண்டாமா என்ற கேள்விக்கு: முயலுக்கு அது தேவையில்லை. சேர்ந்த பிறகுதான், சுமார் பத்து மணி நேரம் கழித்து, முட்டையே வெளிவரும். அதனால் இரண்டு நிமிடம் ஏராளம்.

மகனைத் திட்டவில்லை. கரியனைத்தான் கொஞ்சம் முறைத்தேன்.

மார்ச் 14

இன்னும் செம்பாவைப் பாருங்கள் என்று எழுதுகிறவர்களுக்கு: நேரில் பார்த்த சாட்சி இருக்கிறது, தேதி பொருந்துகிறது, ஆள் ஒப்புக்கொள்ளாத குறைதான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறேன் என்கிறீர்கள். இருக்கட்டும், என்னுடைய முயலைத் தூக்கிப் பார்த்தவள் நான்.

குட்டிகள் நன்றாக இருக்கின்றன, தோலின் மேல் வெல்வெட் மாதிரி ஒரு படலம் வந்திருக்கிறது. செம்பா கூட்டின் பக்கத்தில் காவல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், சித்தி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மார்ச் 16

ஒரு சின்னக் குழப்பம். ரோமம் வந்துவிட்டது, ஐந்தில் இரண்டு முழுக் கறுப்பு. மூன்று பழுப்பாகத் தெரிகின்றன, காதின் உட்பக்கமும் வயிறும் வெளுப்பு. வளர்ந்தால் கறுத்துவிடுமா?

மார்ச் 17, காலை

கறுக்காதாம். நிறக் கணக்கு தெரிந்த ஒருவர் நேற்றிரவு எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் தூங்கவில்லை. நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். காட்டு முயல் நிறத்தில் ஒவ்வொரு ரோமத்திலும் பட்டை பட்டையாக நிறம் மாறும், அடியில் சாம்பல், நடுவில் மஞ்சள், நுனியில் கறுப்பு. ஊதினால் வளையம் வளையமாகத் தெரியும். இந்தப் பட்டையைக் கொடுக்கும் மரபணு மேலோங்கியது, ஒன்று இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். முழுக் கறுப்பு முயலிடம் அது இல்லை என்று அர்த்தம், ஒளித்து வைக்கவும் முடியாது. ஆகவே கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் பழுப்புப் பட்டைக் குட்டி வராது.

நிலா கறுப்பு. கரியன் கறுப்பு. ஒரு குட்டியின் முதுகில் ஊதிப் பார்த்தேன். வளையம்.

இந்த வீட்டில் பழுப்பாக இருப்பது ஒரே ஒரு முயல்.

மார்ச் 17, இரவு

செம்பா ஆண்.

போன வாரம் நான் பார்த்ததாகச் சொன்னது பொய்யில்லை, ஆனால் பார்த்த லட்சணம் இதுதான்: திடீரென்று தூக்கி, மல்லாத்தி, அது திமிற, மூன்று நொடி. பயந்தாலோ குளிர்ந்தாலோ ஆண் முயல் விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், அந்த வழி கடைசிவரை அடைபடுவதில்லை. இன்று கணவர் மடியில் துண்டு விரித்து, அரைமணி தடவிக் கொடுத்து, தூக்கம் சொக்கும் நேரத்தில் மெதுவாகச் சாய்த்துப் பிடித்தார். நான் டார்ச் அடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ரோமத்தை இரண்டு பக்கமும் விலக்கிக் காத்திருந்தோம். தொடையின் உட்புறம் இடதும் வலதுமாக, ரோமம் இல்லாத இரண்டு நீளப் பை, லேசாக ஊதா ஓடிய தோல், காலியான பலூன் மாதிரி சுருங்கிக் கிடந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மெல்ல இறங்கி நிரம்பியது. நடுவில் மெதுவாக அழுத்தினால் வட்டமான நுனி. பெண்ணுக்கு அந்த இடத்தில் நீளக் கீறல் மாதிரிதான் இருக்கும். சந்தேகமே இல்லை.

"செம்பா"வுக்கு ஒரு "ன்" சேர்த்தாயிற்று. செம்பன் இந்த நிமிடம் முதல் தனிக் கூண்டில். மூன்று பேர் முதல் நாள் காலையிலேயே சொன்னீர்கள், அதைக் கிழித்துப் போட்டு ஏழு நாள் சுற்றிவந்தேன்.

மார்ச் 18

இப்போது யோசித்தால் எல்லாமே கண்ணெதிரில் நடந்திருக்கிறது. செம்பா நிலாவின் மேல் ஏறுவதை ஜனவரி கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பெண் முயல்களும் யார் பெரியவள் என்று காட்ட ஏறும் என்று படித்திருந்தேன், அது உண்மையும்கூட, அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் நானே விளக்கம் சொன்னேன். கொஞ்சம் படித்தவள் செய்கிற வேலை.

இன்னொன்று இதைவிட மோசம். ஒருநாள் செம்பா ஏறி, ஒரு உறுமல் உறுமி, பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. வலிப்பு என்று பதறி மருத்துவரிடம் காட்ட வீடியோ எடுத்தேன், அதற்குள் எழுந்து புல் தின்ன ஆரம்பித்துவிட்டதால் அனுப்பவில்லை. இன்று அந்த வீடியோவை அனுப்பினேன். பதில் ஒரே வரி: "இது வலிப்பு இல்லை, வேலை முடிந்தது என்று அர்த்தம்." வீடியோவின் தேதி பிப்ரவரி 8. அதற்கும் 30 நாளில் மார்ச் 10 வந்துவிடுகிறது.

நாலரை மாதம் ஒன்றாக இருந்தும் ஏன் முன்பே நடக்கவில்லை என்று கேட்டவருக்கு: அதற்கு முன் இரண்டுக்கும் வயது வரவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 18, மதியம்

இதை எழுதும்போது வயிற்றைக் கலக்குகிறது. முயல் ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினைப்பிடிக்கும். நான் "சித்தி" என்று கொஞ்சிய செம்பன் ஈன்ற நாளிலிருந்து ஏழு நாள் அதே கூண்டில் இருந்திருக்கிறான். காவல் இருந்த லட்சணம் இப்போது புரிகிறது.

மார்ச் 10லிருந்து 31 நாள் எண்ணுங்கள். ஏப்ரல் 10. நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டேன்.

மார்ச் 19

கரியனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றா என்று பாதிப் பேர் கேட்கிறீர்கள். கேட்கலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் நிறக் கணக்குக்காரர் இன்னொரு குண்டு போட்டிருக்கிறார். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் இருக்க முடியுமாம். மூன்று பழுப்பும் நிச்சயமாகச் செம்பனுடையவை. இரண்டு கறுப்பு? செம்பன் தன் பட்டை மரபணுவைப் பாதிக் குட்டிகளுக்கு மட்டும் கொடுத்திருந்தால் அவையும் அவனுடையவையே. சனிக்கிழமை கரியன், ஞாயிற்றுக்கிழமை செம்பன் என்றால் கறுப்பு இரண்டும் கரியனுடையவையாகவும் இருக்கலாம். முட்டை வெளிவர வைத்தது ஒருவன், பலன் இன்னொருவனுக்கு என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியில்லை. கரியனுக்கு இப்போதைக்குச் சந்தேகத்தின் பலன் கொடுத்திருக்கிறேன், கூடவே ஒரு கைப்பிடிப் புல்.

மகன் மட்டும் நிம்மதியாக இருக்கிறான். "அப்ப என் மேல தப்பு இல்லதானே?" பாதித் தப்பு என்றேன். பாதி ஏன் என்று கேட்டான். கதவைத் திறந்ததற்கு.

மார்ச் 22

நேற்று இரண்டு, இன்று மூன்று, எல்லாம் கண் திறந்தாயிற்று. பன்னிரண்டு நாள். ஒன்றுக்கு இடது கண் பீளை ஒட்டித் திறக்காமல் இருந்தது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், மாலையில் திறந்தது. திறந்ததும் முதலில் பார்த்தது என் மூக்கை, அதற்காக நான் பொறுப்பேற்க முடியாது.

மார்ச் 24

டாக்டரம்மாவிடம் நிலாவைக் கொண்டுபோனேன். பதினாலாம் நாள் வயிற்றைத் தொட்டாலே தெரியும் என்று அன்றே சொல்லியிருந்தார். ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அடிவயிற்றின் கீழே கொடுத்து, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக, மிக மெதுவாக நழுவ விட்டார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. அப்புறம் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். வழவழவென்று ஒன்று நழுவியது, பின்னாலேயே இன்னொன்று, துணிப்பைக்குள் கோலிக்குண்டு மாதிரி. புழுக்கை இதைவிடச் சின்னது, நசுங்காது, குடலில் வரிசையாக இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார்.

"வாழ்த்து சொல்லட்டுமா, ஆறுதல் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

இப்போது ஆபரேஷன் செய்து கலைக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: அதையும் கேட்டேன். செய்ய முடியும், ஆனால் ஐந்து குட்டிகள் அவள் பாலை மட்டும் நம்பி இருக்கும்போது மயக்கம் கொடுப்பது தனக்குச் சம்மதமில்லை என்றார். இரண்டாம் ஈற்றுக் குட்டிகள் பால் மறந்ததும் நிலாவுக்குக் கருத்தடை. நானும் அதற்கே ஒத்துக்கொண்டேன், உங்களில் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

மார்ச் 28

செம்பனுக்கு ஆபரேஷன் முடிந்தது. வெறும் வயிற்றில் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம், முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி போட வேண்டியதில்லை, குடல் நின்றுபோனால்தான் ஆபத்து என்றார்கள். மயக்கம் தெளிந்து இரண்டு மணி நேரத்தில் புல் கடித்தான். ஆறு வாரம் என்றால் மே 9. இந்த முறை தாளை மடிக்காமல் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 3

மூன்றரை வாரம். ஐந்தும் வெளியே. ஐந்தும் எல்லாத் திசையிலும். புல் கடிக்கின்றன, தாயின் புழுக்கையையும் கடிக்கின்றன, அதைத் தடுக்க வேண்டாமாம், குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அப்படியும் வந்து சேரும்.

கணித ஆசிரியர் ஒருவர் பழைய இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபோனாச்சியை நினைவுபடுத்தியிருக்கிறார். 1202இல் ஃபிபோனாச்சி போட்ட முயல் கணக்கில் ஒரு ஜோடி ஒரு வருடத்தில் 377 ஜோடி ஆகிவிடும். நான் கவனித்தது வேறு: அந்தக் கணக்கில் ஒவ்வொரு முறையும் பிறப்பது சரியாக ஓர் ஆண் ஒரு பெண், பிறந்த அன்றே யார் எது என்று அவருக்குத் தெரிந்தும் விடுகிறது. கொடுத்து வைத்தவர்.

ஏப்ரல் 8

நிலா வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு அலைகிறது, மீசை வைத்த மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. இம்முறை தயாராக இருக்கிறோம். பெட்டி வைத்தாயிற்று. அவள் நுழைந்து திரும்பும் அகலம், முன்பக்கம் தாழ்வு, உள்ளே காய்ந்த புல். மூத்த ஐந்தையும் நாளை பக்கத்துக் கூண்டுக்கு மாற்ற வேண்டும். பால் மறக்க வைக்க எட்டு வாரம் விட்டிருக்கலாம், நாலு வாரத்தில் பிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் புதுக் குட்டிகளின் பாலை இவை குடித்துத் தீர்த்துவிடும். புல்லை மட்டும் தாராளமாகப் போட்டு, வயிற்றுப்போக்கு வருகிறதா என்று காலையும் மாலையும் வால் பக்கம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 10, காலை 5.15

தாடைக்குக் கீழே தொங்கும் சதையில் ரோமமே இல்லை, அத்தனையும் பிடுங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறது. நான்கு. நான்கும் சூடு. குவியலை முழுக்கக் கலைத்து, மூன்று முறை எண்ணினேன். நான்குதான்.

31 நாள், ஒரு நாள் கூடவில்லை குறையவில்லை.

ஏப்ரல் 17

ரோமம் வந்துவிட்டது, எல்லோரும் கேட்ட நிறம் இதோ: நான்கும் கறுப்பு. முழுக் கறுப்பு. ஊதிப் பார்த்தேன், ஒரு வளையம்கூட இல்லை.

இம்முறை தகப்பன் செம்பன்தான், வேறு ஆளே இல்லை, கரியன் கூண்டு பூட்டு போட்டு இருந்தது, சாவி என் கழுத்தில். நிறக் கணக்குக்காரர் இதில் அதிசயம் எதுவும் இல்லை என்கிறார், ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி என்றால் நான்கும் கறுப்பாக வர பதினாறில் ஒரு வாய்ப்பு. இது முதல் ஈற்றாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். நான் மகனின் வாக்குமூலத்தோடு வழக்கை முடித்திருப்பேன், கரியன் ஆயுளுக்கும் குற்றவாளி, செம்பா ஆயுளுக்கும் சித்தி, நிலா மாதாமாதம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும், நான் கரியனின் கூண்டுக்கு இன்னொரு பூட்டு வாங்கியிருப்பேன்.

மே 20

கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். மூத்தவற்றுக்குப் பத்து வாரம் ஆகிவிட்டது, பிரித்தாக வேண்டும். டாக்டரம்மா பார்த்துச் சொன்னது: கறுப்பு இரண்டும் பெண், பழுப்பில் ஒன்று ஆண், ஒன்று பெண். மூன்றாவது பழுப்பை டார்ச் அடித்து, அழுத்தி, திருப்பி, மறுபடியும் அழுத்தி, "பெண்ணாகத்தான் தெரிகிறது" என்றார். அந்த "தெரிகிறது" எனக்குப் பிடிக்கவில்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் கொண்டுவரச் சொன்னார்.

அதுவரை அது எந்தப் பக்கமும் இல்லை, தனிக் கூண்டில். மகன் அட்டையில் பெயர் எழுதி மாட்டியிருக்கிறான்: "செம்பி", பக்கத்திலேயே பென்சிலால், அழிக்க வசதியாக, ஒரு கேள்விக்குறி.